கவ்வும் வாயும் கடிக்கும் வாயும்

வினாயகபுரத்தில் கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் ஒரு வளவு. போர்க்காலத்தில் கணவனை இழந்த ஓர் அம்மா அங்கே தன் பேத்தியுடன் வாழ்கிறார். மகள் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து பணம் அனுப்புகிறாள். இருபது கோழி, ஒரு கிணறு, பின்னால் கொஞ்சம் மரவள்ளி. நாங்கள் சென்ற அன்று அந்த முற்றத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றவாளி மூன்று மாதம் நிரம்பிய செம்மண் நிற நாய்க்குட்டி. கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கிறது. குஞ்சைப் பறிக்கப் போன பேத்தியின் கையில் பல்லுப் பட்டு இரத்தம் கசிந்துவிட்டது.

"சாக்கில போட்டுக் கட்டி, பொத்துவில் ரோட்டால கொண்டு போய் விட்டிற்று வாங்க மாமி" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"கடிச்சு ருசி கண்டது இனி விடாது" என்றார் வேலிக்கு அப்பால் நின்ற இன்னொருவர்.

அந்த அம்மா ஒன்றும் பேசாமல் குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எங்களைப் பார்த்து, "கடிக்காத நாய் எண்டு ஒண்டு உலகத்தில இருக்கா மகள்? இருந்தா அதையே வளர்ப்பம். ராவையில நாயில்லாம இந்த வளவுக்குள்ள நான் எப்படிப் படுக்கிற?" என்று கேட்டார்.

வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பிள்ளையைப் பார்த்தோம். காயத்தில் கோப்பித்தூள் அப்பியிருந்தார்கள். அதைக் கழுவி எடுத்து, சவர்க்காரம் போட்டு நீரை ஓடவிட்டு நன்றாகக் கழுவி, ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளை போன பின்தான் அந்தக் கோழிக்குஞ்சு என் கண்ணில் பட்டது. எச்சிலில் நனைந்து, வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றது. தூக்கித் தடவிப் பார்த்தேன். சிறகு முறியவில்லை, தோலில் ஒரு பல்லடையாளமும் இல்லை. வளவைச் சுற்றிக் கவ்விக்கொண்டு ஓடிய குட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உயிரை நசுக்காமல் வைத்திருந்திருக்கிறது. அதே வாய்தான் பிள்ளையின் கையைக் கிழித்தது. அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

நாய்க்குக் கையில்லை. நாம் கையால் செய்வதையெல்லாம் அது வாயால்தான் செய்ய வேண்டும். எடுப்பது, சுமப்பது, விளையாடுவது, தடவிப் பார்ப்பது, சண்டை பிடிப்பது எல்லாம் வாய்தான். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மாட்டெலும்பை உடைக்கும் அந்தப் பற்களுக்கு நடுவே வைத்துத்தான் தாய் நாய் தன் குட்டியை மழைக்கு ஒதுக்குப்புறமாகத் தூக்கிச் செல்கிறது. ஆகவே நாய்க்குப் பல் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. பல்லை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

மீன்பிடிகாரரின் நாய்கள்

இந்த இறுக்கத்தின் அளவை ஒரு வித்தையாகவே வளர்த்தெடுத்த நாய் இனங்கள் சில உண்டு. ரிட்ரீவர் என்று அவற்றுக்குப் பொதுப் பெயர். எடுத்து வந்து கொடுப்பது என்று பொருள். லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர் ஆகியவற்றைப் பணக்கார வீடுகளிலும் தொலைக்காட்சி விளம்பரங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் லாப்ரடோரின் முன்னோர்கள் பணக்கார வீட்டு நாய்களல்ல. அவை எம்மைப் போன்ற கரையோர மக்களின் நாய்கள்.

கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்து என்ற குளிர்த் தீவு இருக்கிறது. அங்கிருந்த மீன்பிடிகாரர் கறுப்பு நிறத் தண்ணீர் நாய்களை வள்ளத்தில் கூடவே கொண்டு போவார்கள். தூண்டிலில் இருந்து நழுவும் மீனைக் கடலுக்குள் பாய்ந்து கவ்வி வருவதும், கயிற்று நுனியை வாயில் பிடித்துக் கரைக்கு நீந்தி வருவதும் அவற்றின் வேலை. மீனைக் கடித்துக் குதறினால் அந்த நாயால் என்ன பயன்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாய்கள் கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பெருநிலக்காரர் தாராவையும் காட்டுக் கோழியையும் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துவார்கள். குளத்துக்குள் விழுந்த பறவையை எடுத்துவர இந்த நாய்களைப் பழக்கினார்கள். 1903இல் இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் கழகம் லாப்ரடோரைத் தனி இனமாக ஏற்றது. கோல்டன் ரிட்ரீவரின் கதை ஸ்கொட்லாந்தில், கீசகன் என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கே ட்வீட்மவுத் பிரபுவின் பண்ணையில் 1868இல் பிறந்த மஞ்சள் நிறக் குட்டிகளில் இருந்து அந்த இனம் வந்தது.

எடுத்து வந்த பறவை மேசைக்குப் போக வேண்டும். கோழி வெட்டிச் சமைக்கும் எங்களுக்கு இது எளிதாக விளங்கும். விலாவெலும்பு நொறுங்கினால் எலும்புச் சில்லுகள் இறைச்சிக்குள் ஏறிவிடும், இரத்தம் கட்டிக் கறி கெட்டுவிடும். ஆகவே பறவையை முட்டையைப் போல ஏந்தி வரும் நாய்க்கே மதிப்பு. அதை மென்வாய் நாய் என்றார்கள், நசுக்கி விடுவதை வன்வாய் நாய் என்றார்கள். வேட்டை நாய்ப் போட்டிகளில் நடுவர் பறவையைக் கையில் வாங்கி, அதன் விலாப்பக்கத்தை விரல்களால் அழுத்திப் பார்ப்பார். விலா நொறுங்கியிருந்தால் அந்த நாய் போட்டியில் இருந்து நீக்கப்படும். வன்வாய் நாயிடம் குட்டி எடுக்கவும் மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித் தெரிந்தெடுத்ததால் வாய் மென்மை அந்த இரத்தத்தில் ஓரளவு ஊறிவிட்டது.

ஓரளவுதான். லாப்ரடோர்க் குட்டி வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் சில மாதங்கள் கை முழுக்கக் கீறல்தான் என்பார்கள். மென்வாய் இனத்தில் பிறந்தாலும் பழக்காவிட்டால் வாய் முரடாகலாம். பழக்குபவர்கள் முதலில் துணி சுற்றிய பாரமற்ற உருளையைத்தான் எடுக்கக் கொடுப்பார்கள். வாயில் வைத்திருக்கும் பொருளுக்காக இழுபறி விளையாட மாட்டார்கள். மிக முக்கியமாக, நாயின் வாயில் இருப்பதை ஒருபோதும் வெடுக்கென்று பறிக்க மாட்டார்கள். பறிக்கப் பறிக்க நாய் இன்னும் இறுக்கும். அடுத்த முறை தொடக்கத்திலேயே இறுக்கிப் பிடிக்கும். வன்வாய் நாய் பல வேளைகளில் மனிதக் கையால்தான் உண்டாகிறது.

அந்த முற்றத்தில் நடந்ததும் அதுதான். குஞ்சு பதனமாக வாயில் இருந்தது. பிள்ளை ஓடிப்போய்ப் பறித்தாள், குட்டி இறுக்கியது, இடையில் அகப்பட்டது பிள்ளையின் விரல்.

வாய் மென்மையைக் கொண்டு வேறு நல்ல வேலைகளும் நடக்கின்றன. 1975இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொனி பேர்கின் என்ற பெண், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குத் துணையாக நாய்களைப் பழக்கத் தொடங்கினார். கீழே விழுந்த திறப்பை எடுத்துக் கொடுக்கும், கயிறு கட்டிய கதவை இழுத்துத் திறக்கும், விளக்கைப் போடும். காலும் கையும் இழந்தவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள், ஆகவேதான் இதைச் சொல்கிறேன். கண்ணிவெடி தேடும் நாய்க்கோ நேரெதிரான பயிற்சி. வெடிமருந்தின் மணம் பட்டதும் வாயும் படக்கூடாது, காலும் படக்கூடாது. அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் சம்பளம், கடித்து விளையாட ஒரு றப்பர் பந்து.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் வெளிநாட்டு நாய் வாங்கக் கிளம்ப வேண்டாம். எமது வெக்கைக்கு அந்த அடர்ந்த மயிர் ஒத்துவராது, தீனிச் செலவும் கட்டாது. ஊர்நாய்க்கும் அதே 42 பற்கள்தான், அதே மூளைதான்.

குட்டிகளின் பள்ளிக்கூடம்

நாய்க்குட்டிக்கு மூன்றாம் கிழமையில் இருந்து பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28. தாடையில் பலம் இல்லை, ஆனால் பல் ஒவ்வொன்றும் ஊசி. அப்படி இருப்பதில் ஒரு காரியம் உண்டு. குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, அளவுக்கு மிஞ்சிக் கடித்தால் கடிபட்ட குட்டி "வீல்" என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயின் முலையைக் கடித்தால் தாய் உறுமிவிட்டு எழுந்து போய்விடும். கடித்தவருக்குப் பாலும் இல்லை, கூட்டும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கும் இந்தப் பாடத்தில்தான் குட்டி தன் வாயின் பலத்தை அளந்து கொள்கிறது. பெருங்காயம் செய்யும் வலுத் தாடைக்கு வருமுன்பே அளவு பழகிவிடுகிறது.

ஆகவே எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கண் திறந்த கையோடு கொண்டுவந்து, சீனித்தண்ணி பருக்கி வளர்க்கும் பழக்கம் எமது ஊர்களில் அதிகம். பெட்டைக்குட்டி என்றால் சந்தையடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகாத குட்டிதான் பிறகு கையைக் கண்டாலே கொளுவும். அந்த அம்மாவின் குட்டியும் தாய் வாகனத்தில் அடிபட்டுச் செத்துப்போக, நாலு கிழமையில் வந்து சேர்ந்ததாம்.

தவறவிட்ட பாடத்தை நாம் சொல்லிக் கொடுக்கலாம். குட்டி கையைக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஓடும் எதையும் துரத்துவது அதன் இயல்பு. கையை அசைக்காமல் "ஆ!" என்று உரத்துச் சொல்லுங்கள். வாயை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து விளையாடுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். அம்மம்மா விலக, பேத்தி சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தால் குட்டிக்கு ஒன்றும் விளங்காது. பல் மாறும் காலத்தில், ஏழு மாதம் வரைக்கும், எதையாவது கடிக்காமல் அதனால் இருக்க முடியாது. ஒரு பொச்சுமட்டைத் துண்டைக் கொடுத்துவிடுங்கள், செருப்புத் தப்பும்.

வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் துரத்தாதீர்கள். ஒரு மீன்தலையையோ கருவாட்டுத் துண்டையோ காட்டுங்கள். தானே வாயைத் திறந்து போட்டுவிட்டு வரும். நாலு நாள் இப்படிச் செய்தால் எதைக் கண்டாலும் உங்களிடம் கொண்டுவந்து தரத் தொடங்கும். முட்டை குடிக்கும் நாயின் வாய்க்குள் அவித்த சுடுமுட்டையைத் திணிக்கிறவர்களும், செத்த குஞ்சைக் கழுத்தில் கட்டித் தொங்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாய் அதில் கற்றுக்கொள்வது மனிதக் கையை நம்பக்கூடாது என்பதை மட்டும்தான். அடைகோழியைக் கூட்டுக்குள் விட்டு அடைப்பது செலவு குறைந்த வழி.

உறுமும் நாயை அடிப்பதும் தவறு. இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் நாய்க்கடியை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார். முதல் படியில் பல் தோலில் படவே படாது, வெறும் உறுமலும் காற்றைக் கடிப்பதும்தான். இரண்டில் பல் படும், துளைக்காது. ஆறாவது படி உயிரிழப்பு. உறுமும் நாய் முதல் படியில் நின்று எம்முடன் கதைக்கிறது. அதை அடித்து வாயடைத்தால் அடுத்த முறை அறிவிப்பின்றி நேரே மூன்றாம் படிக்குப் போகும். சோறு தின்னும் நாய், குட்டி போட்ட நாய், குறுங்கயிற்றில் நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் ஆகியவற்றின் அருகே சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

சட்டைக் கொலரைப் பிடித்த நாய்

2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டோம். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டம். அதே காலை, கடலுக்கு அப்பால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்காலாப்பட்டு என்ற மீனவக் கிராமத்தில் நடந்த ஒன்று அப்போது செய்தித்தாள்களில் வந்தது. அலை வருவதைக் கண்ட கணவர் ஓடும்படி கத்துகிறார். தாய்க்கு மூன்று ஆண் பிள்ளைகள், கைகளோ இரண்டு. சின்னவர் இருவரையும் தூக்கிக்கொண்டு, ஏழு வயது மூத்தவனைப் பின்னால் ஓடிவரச் சொல்லிவிட்டு மேட்டை நோக்கி ஓடினாள். அவனோ தனக்குத் தெரிந்த பாதுகாப்பான இடமான வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

அவர்களது வீட்டு நாய் அவன் பின்னால் போயிற்று. சட்டைக் கொலரைக் கவ்வி வெளியே இழுத்து, செல்லமாகக் கடித்தும் மூக்கால் தள்ளியும் அவனை மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மகன் போய்விட்டான் என்று அழுது கொண்டிருந்த தாயிடம் அவன் வந்து சேர்ந்தான். அது பயிற்சி பெற்ற நாயல்ல, மீனவர் வீட்டு நாய். விபத்தில் இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரையே அந்தக் குடும்பம் அதற்கு வைத்திருந்ததாம். எமது ஊர்களில் நாய்க்கு அப்படிப் பெயர் வைப்பார்களா தெரியாது, எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

நான் இந்தக் கதையில் நினைத்துப் பார்ப்பது அந்தக் கொலரைத்தான். அவசரத்திலும் பயத்திலும் பல் துணியைப் பிடித்தது, கழுத்தைப் பிடிக்கவில்லை. பிள்ளைகளுடன் விளையாடி வளர்ந்த நாய்க்கு அந்த அளவு வாயிலேயே இருந்திருக்கிறது.

எச்சில்

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளுக்கு நாயின் வாய் பற்றி எங்களை விடத் தெளிவான சட்டங்கள் உண்டு. பழக்கிய வேட்டை நாய் பிடித்து வருவதை இறைவன் பெயர் சொல்லி உண்ணலாம் என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், நான்காம் வசனம் சொல்கிறது. நாய் பிடித்ததில் இருந்து தானே தின்றிருந்தால் உண்ணாதே, அது தனக்காகப் பிடித்தது என்பது நபிமொழி. எஜமானுக்காகக் கவ்வும் வாய்க்கும் தனக்காகக் கடிக்கும் வாய்க்கும் உள்ள வேறுபாடு ரிட்ரீவர் இனம் உண்டாவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவச் சொல்லும் நபிமொழியும் உண்டு. ஆகவே பக்கத்து வளவில் தொழுகைக்குப் போகும் சகோதரியின் உடுப்பை எமது நாய் நக்காமல் பார்த்துக்கொள்வது எமது பொறுப்பு. வேலிச் சண்டைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

வாய் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் எச்சிலை நம்பக்கூடாது என்பதை வைத்தியரும் சொல்கிறார்கள். விசர்நாய்க்கடி நோயின் கிருமி நாயின் எச்சிலில்தான் இருக்கிறது. சிறு கீறல் போதும். காயத்தை நக்கினாலும் போதும். நோயின் குணம் தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கியதாலும், கடிபட்டவர்கள் வைத்தியசாலைக்குப் போகப் பழகியதாலும் அந்தத் தொகை பெருமளவு குறைந்துவிட்டது. ஆனாலும் இன்றும் இறக்கிறார்கள்.

கடியோ கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், எமக்குப் பதினைந்து நிமிடமாகத் தெரிவது பல வேளை மூன்று நிமிடம்தான். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே தடுப்பூசி இலவசம். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று இருந்துவிடாதீர்கள். ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அதற்கு நோய் இருந்ததா என்று கவனித்துப் பார்க்க வழியில்லாமல் போய்விடும். கட்டி வைத்துச் சோறு போடுங்கள். நாய்க்கான ஊசியை எப்போது, எங்கே போடலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மிருக வைத்தியரிடமோ கேளுங்கள். அட்டையைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

அந்த வழக்கின் முடிவைச் சொல்ல வேண்டும். குட்டி சாக்குக்குள் போகவில்லை. பிள்ளைக்கு ஊசிகள் போட்டாகிவிட்டது, குட்டிக்கும் போட்டாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அந்த வளவுக்குப் போனேன். குட்டி குரைத்துக்கொண்டு படலைக்கு வந்தது. பேத்தி "தா" என்று கையை நீட்டினாள். அதன் வாயில் என் செருப்பு ஒன்று இருந்தது, கழற்றிவிட்டு நான் திரும்புவதற்குள் எடுத்துவிட்டது. அவள் கையில் போட்டுவிட்டுக் கருவாட்டுத் துண்டுக்காக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. செருப்பு நனைந்திருந்தது.

"இன்னும் முட்டையில வாய் வைக்கிற மகள்" என்றார் அந்த அம்மா. "உடைக்கிறல்ல. கவ்விக்கொண்டு வந்து திண்ணையில வைக்கும். எந்தக் கூட்டில எடுக்குதெண்டுதான் தெரியல்ல. பக்கத்து வீட்டுக்காரி எண்ணிப் பார்க்கிறாள்."